அச்சிட்ட சாகசமும் புதிய ஆட்டக்காரர்களும்: கேம் மாஸ்டருக்கு ஒரு தொடக்க விளக்கம்

டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டில் நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேசிப் பேசியே ஒரு கதையை உண்டாக்குகிறார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்றுக்கொள்வார்கள். எஞ்சிய அந்த ஒருவர்தான் கேம் மாஸ்டர். கதை நடக்கும் உலகம், அதில் வரும் ஊர்க்காரர்கள், எதிரிகள், மழை, இருட்டு எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு செயல் பலிக்குமா என்ற சந்தேகம் எழும் இடத்தில் பகடை முடிவு சொல்லும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. அதன்பின் இந்த வகை விளையாட்டுகள் எத்தனையோ வந்துவிட்டன; மேசையின் அமைப்பு மட்டும் இன்றும் பெரும்பாலும் இதுவேதான்.

கதையைக் கேம் மாஸ்டர் தானே எழுதிக்கொள்ளலாம். ஆனால் முதன்முறை நடத்துபவர்கள் பெரும்பாலும் அச்சில் வந்த ஒரு சாகசத்தைத்தான் கையில் எடுக்கிறார்கள். நல்ல முடிவுதான். வரைபடம், அறைகளின் விவரம், எதிரிகளின் எண்கள், உரக்கப் படித்துக் காட்ட வேண்டிய பத்திகள் எல்லாம் அதில் தயாராக இருக்கும். ஒன்று மட்டும் இருக்காது: உங்கள் மேசையில் யார் உட்காரப் போகிறார்கள் என்ற தகவல். எழுதியவர் மனத்தில் இருந்தது நான்கு பேர், உங்களிடம் இருப்பது மூன்று பேர். அவர் நினைத்தது ஆறேழு வாரக் கதை, உங்களுக்குக் கிடைப்பது ஒரு மாலைப்பொழுது. அவருடைய ஆட்டக்காரர்களுக்குப் பகடையும் விதியும் பழகியிருந்தன, உங்களுடையவர்கள் இருபது முகப் பகடையை இன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொடுகிறார்கள். இந்த இடைவெளியை நிரப்பும் வேலைதான் சாகசத்தை மாற்றி அமைப்பது.

புதியவர்களுக்காக மாற்றுவது என்றதும் பலர் ஒரு தவறான திசையில் போய்விடுகிறார்கள். விதிகளை எல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு கதையை ஒற்றையடிப் பாதையாக ஆக்கிவிடுகிறார்கள். ‘பாவம், புதியவர்கள், குழம்பிவிடுவார்கள்’ என்ற நல்லெண்ணம்தான் காரணம். ஆனால் புதியவர்களுக்குத் தெரியாதது விதிகள் மட்டும்தான். யோசிக்கவும் முடிவெடுக்கவும் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே குறைக்க வேண்டியது விதிகளின் சுமையை. முடிவெடுக்கும் வாய்ப்புகளைக் குறைத்தால், இந்த விளையாட்டை விளையாடுவதற்கான காரணமே போய்விடும். இனி வரும் ஒவ்வொரு யோசனையும் இந்த ஒரு எண்ணத்திலிருந்து கிளம்புவதுதான்.

படிக்கும்போது எதைத் தேடுவது

விளக்கத்துக்காக ஒரு சாகசத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் மாவு ஆலைக்காரர் காணாமல் போய்விட்டார். புத்தகத்தின்படி கதாபாத்திரங்கள் முதலில் விடுதிக்கு வருகிறார்கள். விடுதிக்காரர் வதந்திகளைச் சொல்கிறார். பிறகு ஆலைக்குப் போகிறார்கள். அங்கே சாக்குமூட்டைகளுக்கு அடியில் ஒரு ரகசியக் கதவு. அதன் கீழே ஏழு அறைகள் கொண்ட சுரங்கம், அதில் ஒரு கடத்தல் கும்பல். கும்பலின் தலைவி படையிலிருந்து தப்பி ஓடிவந்த ஒரு சிப்பாய். தற்செயலாகக் கடத்தலைக் கண்டுவிட்டதால் ஆலைக்காரரைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள். நடுவே, பழைய அரச வம்சத்துப் போர்களைப் பற்றி இரண்டு பக்க வரலாறும் உண்டு.

இதை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை வெறும் கதையாக. இரண்டாம் முறை பென்சிலோடு. யாருக்கு என்ன வேண்டும், நம் ஆட்கள் வராமலே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும், ஆட்டக்காரர்கள் முதன்முதலாக ஒரு முடிவெடுக்கும் இடம் எது? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் சாகசம் உங்கள் கைக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

தலைவிக்குச் சண்டையில் விருப்பமில்லை. சரக்கை மூன்றாம் நாள் இரவு படகில் ஏற்றிவிட்டு ஊரைவிட்டுப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். யாரும் தலையிடாவிட்டால் படகு போய்விடும். சாட்சியான ஆலைக்காரர் உயிரோடு இருக்கமாட்டார். இந்த இரண்டு வரிகளை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டால், புத்தகத்தில் இல்லாத எந்தக் கேள்வி வந்தாலும் பதில் சொல்லலாம். ‘தலைவியிடம் பேரம் பேசலாமா?’ என்று ஒருவர் கேட்கிறார். புத்தகம் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அவளுக்கு வேண்டியது நேரமும் மௌனமும் என்று உங்களுக்குத் தெரியுமே. பேரம் பேசுவாள், அதுவும் ஆர்வத்தோடு பேசுவாள்.

முதல் முடிவு எங்கே வருகிறது? விடுதியில் கிடையாது. அங்கே ஆட்டக்காரர்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அடுத்து வழிப்பயணம். ஆலைக்குள் நுழைந்து, தேடி, கதவைக் கண்டுபிடித்த பிறகுதான் முதல் உண்மையான கேள்வி எழுகிறது. மூன்று மணி நேர ஆட்டத்தில் அதற்குள் ஒரு மணி நேரம் கரைந்திருக்கும். ஆகவே விடுதியை வெட்டிவிடுங்கள். ஆலையின் வாசலில் ஆரம்பியுங்கள்: கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளே ஆலைக்கல் சுற்றிக்கொண்டிருக்கிறது, அரைக்கத் தானியம் இல்லை. விடுதிக்காரர் சொல்லவிருந்த செய்தியில் தேவையானது இரண்டே வாக்கியம். அதை முன்கதையாகச் சொல்லிவிடலாம்.

அரச வம்சத்து வரலாற்றையும் தயங்காமல் விட்டுவிடலாம். எழுதியவர் உழைத்து எழுதியதுதான்; கேம் மாஸ்டருக்குச் சூழலைப் புரியவைக்கவும் உதவும். ஆனால் ஆட்டக்காரர்களின் எந்த முடிவையும் அது மாற்றவில்லையென்றால் மேசையில் அதற்கு வேலை இல்லை. ஒரு துணுக்கு மட்டும் பயன்படலாம்: தலைவியின் கிழிந்த சீருடையில் தோற்றுப்போன அரசின் சின்னம். யாராவது அதைக் கவனித்துக் கேட்டால், அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு பதுங்குத் தாக்குதலின் கணக்கு

சண்டைகளை மாற்றுவதில்தான் புதிய கேம் மாஸ்டர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆகவே உண்மையான ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தபோது, புதியவர்களுக்கென்றே ஒரு தொடக்கப் பெட்டியும் வந்தது. அதிலிருக்கும் சாகசத்தின் முதல் மோதல் மிகப் பிரபலம். ஆட்டக்காரர்கள் சரக்கு வண்டியோடு போகும் சாலையில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன. அருகே போனால், இருபுறமும் மறைந்திருக்கும் நான்கு கோப்ளின்கள் (சின்ன உருவ அரக்கர்கள்) தாக்குகின்றன. பார்த்தால் எளிய காட்சி. ஆனால் அதே 2014 விதிகளில், மோதலின் கடுமையை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. எதிரியை வீழ்த்தினால் கிடைப்பது அனுபவப் புள்ளி; ஒரு கோப்ளினுக்கு 50, நான்கிற்கு 200. எதிரிகள் கூட்டமாக வந்தால் ஆபத்து கூடும் என்பதால், மூன்று முதல் ஆறு எதிரிகள் இருக்கும்போது இந்தத் தொகையை இரண்டால் பெருக்க வேண்டும். ஆக 400. முதல் லெவலில், அதாவது ஆரம்ப நிலையில், இருக்கும் நான்கு பேருக்கு 100இல் ‘எளிது’, 200இல் ‘நடுத்தரம்’, 300இல் ‘கடினம்’, 400இல் ‘உயிராபத்து’ தொடங்குகிறது. அதாவது, நான்கு பேர் உட்கார்ந்தால் அவர்கள் வாழ்க்கையின் முதல் மோதலே உயிராபத்து வரிசையில் வந்து நிற்கிறது. அந்தப் பெட்டியில் தயாராக வைத்திருக்கும் பாத்திரங்கள் ஐந்து. ஐந்து பேர் ஆடினால் உயிராபத்தின் எல்லை 500 ஆகிவிடும். அதே மோதல் ‘கடினம்’ என்ற அளவில் நின்றுவிடும். ஒரே ஓர் ஆள் குறைவதும் கூடுவதும் எவ்வளவு வித்தியாசம் செய்கிறது, பாருங்கள்.

எண்களுக்குள் இன்னும் கொஞ்சம் போகலாம். முதல் லெவல் மந்திரவாதிக்கு ஏறக்குறைய 8 உயிர்ப்புள்ளி; அது தீர்ந்தால் மயங்கி விழுவார். கோப்ளின் எய்யும் அம்பு பட்டால், ஆறு முகப் பகடையில் விழுவதோடு 2 கூட்டி அத்தனை புள்ளி போகும். பகடையில் 6 விழுந்தால் ஒரே அம்பில் மந்திரவாதி சாய்ந்துவிடுவார். இரண்டு அம்பு பட்டால் சராசரியாக 11 புள்ளி. எழுந்து நிற்க வழியே இல்லை. அரை மணி நேரம் செலவழித்து மந்திரங்களை ஆசையாகத் தேர்ந்தெடுத்த ஒருவர், தன் முறை வருவதற்கு முன்பே மயங்கிக் கிடந்தால், அடுத்த வாரம் அவரை மேசைக்கு அழைப்பது கடினம்.

இதை எப்படிச் சரிசெய்வது? முதலில் எல்லோர் மனத்திலும் வருவது எண்ணிக்கையைக் குறைப்பது. நான்கு பேருக்கு எதிராக மூன்று கோப்ளின் என்றால் 150ஐ இரண்டால் பெருக்கி 300; ‘கடினம்’. இரண்டு கோப்ளின் என்றால் பெருக்க வேண்டிய எண் ஒன்றரையாகக் குறைகிறது. 150தான் வரும், ‘எளிது’க்கும் ‘நடுத்தரத்து’க்கும் இடையில். இரண்டு முதலில் வந்து, அவை விழுந்தபின் மற்ற இரண்டு வருவதும் ஒரு வழி. எதிரிகளின் மொத்த எண்ணிக்கை குறையாமலே, ஒரு சுற்றில், அதாவது எல்லோருக்கும் ஒருமுறை வாய்ப்பு வந்து முடிவதற்குள், பாயும் அம்புகள் பாதியாகிவிடும். இந்த விளையாட்டில் ஒரு பக்கத்தின் பலம் பெரும்பாலும் அந்தப் பக்கம் ஒரு சுற்றில் எத்தனை முறை செயல்படுகிறது என்பதில்தான் இருக்கிறது. நான்கு சின்ன எதிரிகள் ஒரு பெரிய எதிரியைவிட ஆபத்தானவர்களாக இருப்பதும் இதனால்தான். எதிர்ப்புறத்திலும் இது உண்மை: ஒற்றை ராட்சதனை நான்கு பேர் சூழ்ந்துகொண்டால், பயமுறுத்தி அறிமுகப்படுத்திய அந்த ராட்சதன் இரண்டே சுற்றில் முடிந்துபோவான். அவனுக்குத் துணையாக இரண்டு எடுபிடிகளைச் சேர்ப்பது, அவனுடைய உயிர்ப்புள்ளிகளை இரட்டிப்பாக்குவதைவிட நல்லது.

ஆனால் எண்ணிக்கையைத் தொடுவதற்கு முன் நான் மாற்ற விரும்புவது எதிரிகளின் நோக்கத்தை. கோப்ளின்களுக்கு வேண்டியது வண்டியிலிருக்கும் சரக்கு. ஆகவே முதல் அம்பு வண்டியின் பலகையில் வந்து குத்தட்டும். ‘மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு ஓடுங்கள்!’ என்று புதருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கட்டும். இப்போது ஆட்டக்காரர்களுக்கு ஒரு தெரிவு கிடைக்கிறது. சண்டை போடலாம், பேசலாம், ஏமாற்றலாம், வண்டியை விரட்டிக்கொண்டு தப்பலாம். எண்ணிக்கையைக் குறைத்தால் சண்டை சுருங்கும். நோக்கத்தை மாற்றினால் சண்டைக்கு முன்னால் ஒரு யோசனை முளைக்கும்.

அந்தத் தொடக்கச் சாகசத்தை எழுதியவர்களும் இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். மூன்று கோப்ளின்கள் விழுந்தால் நான்காவது தப்பியோடப் பார்க்கும். ஆட்டக்காரர்கள் தோற்றுவிட்டால் கோப்ளின்கள் அவர்களைக் கொல்வதில்லை. மயங்கியவர்களை அப்படியே விட்டு, கொள்ளையடித்துக்கொண்டு போய்விடும். நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு இது. உங்கள் கையிலிருக்கும் சாகசத்தில் இப்படி ஒரு குறிப்பு இல்லையென்றால் நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு மோதலுக்கும் எதிரி எப்போது ஓடுவான், நம் ஆட்கள் தோற்றால் கதை எங்கே தொடரும். கடத்தல் கும்பலிடம் தோற்றவர்கள், ஆலைக்காரர் பக்கத்திலேயே கட்டுண்டு கண்விழிக்கலாம். அங்கிருந்து தப்பிப்பது அடுத்த ஒரு மணி நேரக் கதை.

பழைய சாகசங்களை எடுக்கிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. எழுபதுகளில் வந்த சில சாகசங்கள் விளையாட்டு மாநாடுகளில் நடக்கும் போட்டிகளுக்காக எழுதப்பட்டவை. 1978இல் வெளியான, பொறிகள் நிறைந்த ‘டோம்ப் ஆஃப் ஹாரர்ஸ்’ 1975இல் ஆரிஜின்ஸ் மாநாட்டில் போட்டியாக நடத்தப்பட்டது. எந்தக் குழு அதிக தூரம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பதே அத்தகைய ஆட்டத்தின் இயல்பு. அப்படிப்பட்ட பொறிகளைப் புதியவர்களின் முதல் மாலையில் அப்படியே வைப்பது நியாயமில்லை. வைத்தே ஆக வேண்டுமென்றால், பொறி இருப்பதற்கான அடையாளம் கண்ணுக்குத் தெரியட்டும். கருகிய தரை, நடுவில் துண்டாகிக் கிடக்கும் ஈட்டி, யாரோ போட்டுவிட்டு ஓடிய செருப்பு. ஆபத்தைப் பார்த்த பிறகு ‘எப்படித் தாண்டுவது?’ என்று யோசிப்பதில் சுவை இருக்கிறது. திடீரென்று விழுந்து செத்துப்போவதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பகடையைத் திரை மறைவில் உருட்டிவிட்டு, விழுந்த எண்ணை மாற்றிச் சொல்லலாமா? இதில் கேம் மாஸ்டர்களிடையே இரண்டு கட்சி உண்டு. நான் கூடாது என்ற கட்சி. மாற்ற வேண்டியதை எல்லாம் ஆட்டத்துக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். மேசையில் பகடை விழுந்துவிட்டால் அதன் சொல் நிற்க வேண்டும். முடிவுகள் எப்படியும் நமக்குச் சாதகமாகத்தான் வரும் என்று புதியவர்களுக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால், அதன்பின் எந்தப் பகடைக்கும் அவர்கள் நெஞ்சு படபடக்காது.

கதவைப் பூட்டிவிட்டு சாவியைப் பகடையிடம் கொடுக்காதீர்கள்

நம் ஆலைக்குத் திரும்புவோம். ரகசியக் கதவைக் கண்டுபிடிக்க 15 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்கிறது புத்தகம். நம் ஆட்களுக்குத் தேடும் திறமைக்குக் கூட்டல் 2. அதாவது இருபது முகப் பகடையில் 13 முதல் 20 வரை ஏதாவது விழ வேண்டும்; நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. ஒருவர் மட்டும் தேடி, தவறிவிட்டால்? கதையின் மீதி முழுவதும் அந்தக் கதவுக்குக் கீழேதான் இருக்கிறது. மேசையில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கதை நகர்வதற்கு அவசியமான எதையும் ஒரே ஒரு பகடையின் பின்னால் ஒளித்து வைக்கக் கூடாது. ஜஸ்டின் அலெக்சாண்டர் என்ற விளையாட்டு எழுத்தாளர் இதற்கு ‘மூன்று துப்பு விதி’ என்று ஒன்றைச் சொல்லியிருக்கிறார். ஆட்டக்காரர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்புகளாவது வையுங்கள் என்பதுதான் அது. ஒன்றைத் தவறவிடுவார்கள், இரண்டாவதைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவதாவது கைகொடுக்கும். ஆலையில் அதைச் செய்வது கடினமே இல்லை. தரையில் சிந்திய மாவில் எதையோ இழுத்துச் சென்ற தடம், மூட்டைகளுக்கு அடியில் போய் மறைகிறது. விளக்கைக் கீழே கொண்டுபோனால் பலகை இடுக்கிலிருந்து வரும் குளிர்காற்றில் சுடர் சாய்கிறது. ஆலைக்காரரின் நாய் அந்த மூட்டைகளை விட்டு நகர மறுத்து உறுமுகிறது. இவற்றுக்குப் பகடையே வேண்டாம். பார்க்கிறேன் என்று சொன்னவருக்குச் சொல்லிவிடலாம்.

பகடையை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கதவு கிடைக்குமா என்பதற்குப் பதிலாக, சத்தமில்லாமல் கிடைக்குமா என்று கேளுங்கள். பகடை கைவிட்டால் கதவு திறக்கும். கூடவே கீல் கிறீச்சிட்டு, கீழே பேசிக்கொண்டிருந்த குரல்கள் சட்டென்று அடங்கும். தோல்வியிலும் கதை முன்னே போகிறது, நிலைமை மட்டும் கொஞ்சம் மோசமாகிறது.

சத்தமில்லாமல் என்றதும் இன்னொரு கணக்கு நினைவுக்கு வருகிறது. நான்கு பேர் பதுங்கிச் செல்கிறார்கள். ஆளுக்கு நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. நால்வரும் வென்றால்தான் உண்டு என்று வைத்தால், மொத்த வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுகூட வராது. புதியவர்கள் ஆசையாகத் திட்டமிட்டு, ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொண்டு, கடைசியில் ‘பதுங்குவது வீண், கதவை உடைத்துக்கொண்டு போவோம்’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஐந்தாம் பதிப்பில் இதற்குக் குழுச் சோதனை என்று ஒரு விதி உண்டு: பாதிப் பேர் வென்றால் எல்லோரும் வென்றதாகக் கணக்கு. அதே நாற்பது விழுக்காட்டை வைத்துப் பார்த்தால் வாய்ப்பு ஐம்பத்திரண்டாக உயர்ந்துவிடும். வேறு விதிமுறையில் ஆடினாலும் இந்த யோசனையைத் தாராளமாகக் கடன் வாங்கலாம்.

நேரம்

புதியவர்களுக்கு எல்லாமே நீளும். பழகியவர்கள் இருபது நிமிடத்தில் முடிக்கும் சண்டை அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். எந்தப் பகடை, எதைக் கூட்டுவது, இப்போது யார் முறை என்று ஒவ்வொன்றையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். ஆகவே மூன்று மணி நேர ஆட்டம் என்றால் பெரிய சண்டை ஒன்று, சின்ன மோதல் ஒன்று, பேச்சுவார்த்தை ஒன்று, தேடல் ஒன்று. இதற்கு மேல் திட்டமிடாதீர்கள்.

சுரங்கத்தின் ஏழு அறைகளை நான்காக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்பதற்கு என் அளவுகோல் எளியது: இந்த அறையில் ஆட்டக்காரர்கள் முடிவெடுக்க ஏதாவது இருக்கிறதா? சிலந்திகள் இருக்கும் கிடங்கு வெறும் சண்டை, போகட்டும். காவலாளிகள் சீட்டாடும் அறையில் பதுங்கலாம், ஏமாற்றலாம், கூடவே உட்கார்ந்து ஆடலாம்; இருக்கட்டும். ஆயுதக் கிடங்கையும் ஆலைக்காரர் கட்டுண்டிருக்கும் அறையையும் ஒன்றாக்கிவிடலாம். கடைசியாகப் படகுத்துறை, அங்கே தலைவி. புத்தகத்தில் வரும் துணைப் பாத்திரங்களையும் இப்படியே சேர்த்துவிடுங்கள். விடுதிக்காரர், ஊர்த்தலைவர், ஆலைக்காரரின் மகள் என்று மூவர் இருந்தால், மூவர் சொல்ல வேண்டியதையும் மகள் ஒருத்தியே சொல்லட்டும். பெயரை நினைவில் வைத்துக்கொள்வதும் ஆட்டக்காரர்களுக்கு ஒரு சுமைதான்.

கதாபாத்திரங்களை ஆட்டக்காரர்களே உருவாக்க வேண்டும் என்று முதல் நாளிலேயே வற்புறுத்த வேண்டாம். என்னவென்றே தெரியாத ஒன்றுக்கு முப்பது தேர்வுகள் செய்யச் சொல்வது அது. தயார் செய்த கேரக்டர் ஷீட்டுகளை, அதாவது ஒவ்வொரு பாத்திரத்தின் திறமைகளும் எண்களும் எழுதிய தாள்களை, பரப்பி வைத்து, ஒவ்வொன்றையும் ஒரே வரியில் அறிமுகப்படுத்துங்கள்: ‘இவள் எதிரியின் முன்னால் போய் நிற்பவள்’, ‘இவன் பூட்டையும் மனிதர்களையும் திறக்கத் தெரிந்தவன்’. பெயரும் தோற்றமும் அவரவர் விருப்பம். அதோடு ஆளுக்கொரு கேள்வி கேளுங்கள். ‘ஆலைக்காரர் உங்களுக்கு ஒருமுறை உதவியிருக்கிறார், என்ன உதவி?’ என்று கேட்டால், பதில் சொல்பவருக்கு அந்த நொடியிலேயே கதைக்குள் ஓர் இடம் கிடைத்துவிடும். எத்தனை பக்கம் பின்னணி படித்தாலும் இது வராது.

பேசும் முறை

உரக்கப் படிக்க வேண்டிய பத்திகளை அப்படியே வாசிக்காதீர்கள். மூன்றாவது வாக்கியத்தில் கவனம் சிதறிவிடும். ஓர் அறைக்கு மூன்று விவரம் போதும். அதில் ஒன்றாவது கையால் தொட்டு ஏதாவது செய்யக்கூடியதாக இருக்கட்டும். பிறகு கேள்வி. ‘என்ன செய்கிறீர்கள்?’ என்ற கேள்வி பழகியவர்களுக்குச் சரி. புதியவர்களை அது திகைக்க வைக்கும். என்ன செய்ய அனுமதி உண்டு என்றே அவர்களுக்குத் தெரியாதே. மேசையில் இப்படிப் போகலாம்:

“முன்கதவு பாதி திறந்திருக்கிறது. பின்பக்கம் ஆற்றை ஒட்டி ஒரு ஜன்னலும் தெரிகிறது. உள்ளே போகலாம், சுற்றிப் பார்க்கலாம், வேறு எது தோன்றினாலும் சொல்லலாம்.”

“நான் நாயைக் கூப்பிட்டுப் பார்க்கலாமா?”

“தாராளமாக. எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?”

இரண்டு வழிகளை நீங்கள் காட்டினீர்கள். அவர் மூன்றாவதைக் கண்டுபிடித்தார். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. நிற்பதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டால் புதியவர்கள் பழையவர்களைவிடத் துணிச்சலாக யோசிக்கிறார்கள், ஏனென்றால் ‘விதிப்படி இது முடியாது’ என்ற எண்ணம் இன்னும் அவர்களுக்குள் புகவில்லை.

விதிகளைப் பாடம்போல முன்கூட்டியே சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் சாதாரண வார்த்தைகளில் செய்ய விரும்புவதைச் சொல்லட்டும். அதை விதியாக்குவது உங்கள் வேலை. ‘அந்த மூட்டையை அவன் மேல் தள்ளிவிடுகிறேன்’ என்கிறார் ஒருவர். ‘நல்லது. இருபது முகப் பகடையை உருட்டுங்கள். உங்கள் தாளில் வலிமை என்ற இடத்திலிருக்கும் எண்ணைக் கூட்டுங்கள். 12 வந்தால் அவன் மூட்டைக்கடியில்.’ இவ்வளவுதான் பாடம். முதல் பகடையை, தோற்றாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாத ஓர் இடத்தில் உருட்ட வையுங்கள். நாயைச் சமாதானப்படுத்துவது அதற்கு அருமையான இடம். இரண்டாவது பகடையில் கொஞ்சம் ஆபத்து. சண்டை வரும் நேரத்தில் பாதி விதி கைக்குப் பழகியிருக்கும்.

அவர்கள் புத்தகத்தில் இல்லாத திசையில் போனால்? போகட்டும். ஆலைக்குள் நுழையாமல் ஆற்றங்கரையில் இரவு முழுவதும் காத்திருக்கிறோம் என்றால், படகு வரும். தலைவியை அங்கேயே சந்திப்பார்கள். சுரங்கத்தில் நீங்கள் வைத்திருந்த சீட்டாடும் காவலாளிகள் படகோட்டிகளாக வரலாம். பயன்படாத காட்சியை இப்படி இடம் மாற்றுவதில் தவறில்லை. ஆனால் ஓர் எல்லை உண்டு. ஆட்டக்காரர்கள் ஓர் ஆபத்தை அறிந்து, யோசித்து, வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அந்த ஆபத்தைத் தூக்கி அவர்கள் போகும் வழியில் வைக்கக் கூடாது. இடது சுரங்கத்தில் காவல் பலமாக இருக்கிறது என்று கேட்டறிந்து வலப்புறம் போனவர்களுக்கு வலப்புறம் காவல் இருக்கக் கூடாது. அந்த முடிவுக்கு அவர்கள் உழைத்திருக்கிறார்கள். பலன் அவர்களுக்கே போக வேண்டும்.

தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம்

சாகசங்களில் சித்திரவதை, குழந்தைகளுக்குத் தீங்கு, பூச்சிகள், மூச்சுத்திணறல் என்று பலதும் வரும். யாருக்கு எது தாங்காது என்று முன்கூட்டியே தெரியாது. ஆகவே ஆட்டத்துக்கு முன் கேட்டுவிடுங்கள். கதையில் வரவே கூடாதது எது, வந்தாலும் விவரிக்காமல் தாண்டிவிட வேண்டியது எது என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பது இந்த விளையாட்டு உலகில் பரவலான பழக்கம். நடுவில் யாருக்காவது சங்கடமாக இருந்தால் தொட்டுக் காட்டுவதற்கென்று மேசை நடுவே எக்ஸ் எழுத்து எழுதிய ஓர் அட்டையை வைப்பவர்களும் உண்டு. அதைத் தொட்டவரிடம் காரணம் கேட்பதில்லை. பதில்களுக்கு ஏற்பச் சாகசத்தை அங்கேயே மாற்றுங்கள். ஆலைக்காரரை அடித்துத் துன்புறுத்தினார்கள் என்று புத்தகத்தில் இருந்தால், பசியோடு கட்டிப்போட்டிருந்தார்கள் என்று ஆக்கினாலும் கதையின் பதற்றம் குறைவதில்லை.

முதல் ஆட்டம் முடிந்ததும் கலைந்து போவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது? ‘பிடித்திருந்ததா?’ என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதை வைத்து ஒன்றும் மாற்ற முடியாது. ‘படகுத்துறையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே புரியவில்லை’ என்ற பதில் கிடைத்தால், அடுத்த முறை ஒரு தாளில் படம் வரைந்து வைப்பீர்கள்.

இரண்டாவது ஆட்டத்திலிருந்து, எடுத்துவைத்த விதிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவரலாம். ஓர் ஆட்டத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு; அதுவும் கதையில் அதற்கு வேலை வரும்போது. தப்பிய தலைவி விற்படையோடு திரும்பி வரும் நாளில், மறைவில் நின்று அம்பிலிருந்து தப்பும் விதியைச் சொல்லிக்கொடுங்கள். வெட்டிய சிலந்திக் கிடங்கையும் குப்பையில் போட வேண்டாம். மூன்றாவது வாரம் அவர்கள் வேறு ஏதோ ஒரு சுரங்கத்துக்குள் இறங்கும்போது, வரைபடமும் எண்களும் தயாராக உங்கள் கையில் இருக்கும்.